துடுப்பு, தூண்டில், ஒரு குத்தகைப் பத்திரம்

வருஷா வருஷம் ஜூலை கடைசியில் நாங்கள் நாலைந்து குடும்பங்கள் டொராண்டோவிலிருந்து வடக்கே வண்டியை விட்டு அல்கான்குயின் பார்க்குக்குப் போவது வழக்கம். வாடகைக்குக் கனூ எடுப்போம். ஒரு ஏரியைத் துடுப்புப் போட்டுக் கடப்போம். அடுத்த ஏரிக்குக் கனூவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடப்போம். ராத்திரி கூடாரம், மறுநாள் தூண்டில். மீன்பிடி லைசென்ஸ் எடுத்த காசுக்கு மீன் கிடைத்ததா என்று மட்டும் கேட்காதீர்கள் :-)

இந்த டிசம்பரில் ஒரு அதிசயம். எல்லாக் குடும்பங்களும் ஒரே இரண்டு வாரத்தில் ஊரில் இருக்கிறோம். "அங்கேயும் ஒரு கனூ டிரிப் போட்டால் என்ன?" என்று ஆரம்பித்தது பேச்சு. நிபந்தனை மூன்றுதான்: காட்டுக்குள் ஏரி வேண்டும், துடுப்புப் போட வேண்டும், செல்போன் சிக்னல் இருக்கக் கூடாது. பிள்ளைகள் நான்காவதாகத் தூண்டிலையும் சேர்த்தார்கள். நான் பேங்கில் வேலை பார்ப்பவன், பி.காம் படித்தவன். ஆகவே எக்செல் ஷீட்டும் பொறுப்பும் என் தலையில்.

எங்கள் கூட்டத்தில் மூன்று பேருடைய ஊர்களைச் சொன்னால்தான் மீதிக் கதை புரியும். நான் கம்பம் பள்ளத்தாக்கு. இன்னொருவர் பொள்ளாச்சிப் பக்கம், தென்னந்தோப்புக்காரர். மூன்றாமவர் வண்டிப்பெரியாறு, இடுக்கி மாவட்டத்து மலையாளி. அவரைச் சேட்டன் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. மூன்று பேருக்கும் வசதியான இடம் என்று வரைபடத்தில் தேடியதில் இரண்டு ஏரிகள் மிஞ்சின. ஒன்று இடுக்கி எல்லையில் தேக்கடி. இன்னொன்று பாலக்காட்டு எல்லையில் பரம்பிக்குளம். இரண்டும் கேரளக் காட்டுக்குள் இருக்கின்றன. இரண்டின் தண்ணீரும் மலையைக் குடைந்து தமிழ்நாட்டு வயலுக்கு வருகிறது. இரண்டுமே இயற்கை ஏரி இல்லை!

எந்த ஏரி, எத்தனை நாள் என்று கணக்குப் போட உட்கார்ந்தவன், கடைசியில் 1886-ம் வருஷத்து ஒரு குத்தகைப் பத்திரத்தில் போய் நின்றேன். அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சமும் ஒரு பத்திரமும்

பெரியாறு மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து அரபிக் கடலில் கலக்கிற ஆறு. மலைக்கு அந்தப் பக்கம் கொட்டோ கொட்டென்று மழை. இந்தப் பக்கம் மதுரை, ராமநாதபுரம் எல்லாம் வானம் பார்த்த பூமி. அந்த ஆற்றை இந்தப் பக்கம் திருப்பினால் என்ன என்கிற யோசனை வெள்ளைக்காரனுக்குத்தான் முதலில் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பி இடம் பார்த்திருக்கிறார். கையில் பணம் இல்லாமல் அது நின்றுபோனது. 1808-ல் கால்டுவெல் என்ற கேப்டன் (இலக்கணம் எழுதிய பாதிரியார் கால்டுவெல் வேறு) மலையைப் பார்த்துவிட்டு, நடக்காத காரியம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

நடக்காத காரியத்தை நடத்த வைத்தது பஞ்சம். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் மெட்ராஸ் மாகாணத்தில் லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். என் அப்பத்தா காலத்தில்கூட, சாப்பாட்டை வீணடிக்கிற பிள்ளையை "தாது வருஷம் தெரியுமாடா உனக்கு?" என்றுதான் அதட்டுவார்கள். அப்பத்தாவும் அதைப் பார்த்தவரில்லை. அவருக்கு அவருடைய அப்பத்தா சொன்னது.

பஞ்சத்துக்குப் பிறகு பெரியாற்றுத் திட்டம் திரும்ப மேஜைக்கு வந்தது. ஆறு ஓடுவது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில். தண்ணீர் தேவைப்பட்டது பிரிட்டிஷ் மெட்ராஸுக்கு. பல வருஷப் பேச்சுக்குப் பிறகு 1886 அக்டோபர் 29-ல் பத்திரம் முடிந்தது. பேங்க்காரன் கண்ணில் அந்தப் பத்திரம் ஒரு விருந்து!

குத்தகைக் காலம் 999 வருஷம். முடிந்தால் இன்னொரு 999 வருஷத்துக்குப் புதுப்பிக்கவும் வழி உண்டு. நிலம் 8,000 ஏக்கர். ஏக்கருக்கு வருஷத்துக்கு 5 ரூபாய், ஆக மொத்தம் 40,000 ரூபாய். வாடகையை இடையில் உயர்த்துவதற்கு ஒரு ஷரத்துகூடக் கிடையாது. இன்று ஒரு கடைக்கு இப்படி ஒரு பத்திரத்தை எழுதிக்கொண்டு யாராவது கடன் கேட்டு வந்தால், வீட்டுச் சொந்தக்காரர் சுயநினைவோடுதான் கையெழுத்துப் போட்டாரா என்று நான் கேட்பேன். ஒரு சமஸ்தானம் ஒரு சாம்ராஜ்யத்தோடு போட்ட பத்திரம் அப்படித்தான் இருக்கும். கேரளத்துக்காரர்களுக்கு இன்று வரை ஆறாத விஷயம் இது. சேட்டன் இதைப் பேசும்போது நான் குறுக்கே பேசுவதில்லை.

எங்கள் டிரிப்புக்கு வேண்டிய வரி ஒன்றும் அந்தப் பத்திரத்தில் இருக்கிறது. அந்த நீரில் மீன் பிடிக்கும் உரிமையும் குத்தகையோடு சேர்த்து மெட்ராஸுக்குப் போயிருக்கிறது. தண்ணீர், அணை கட்டத் தேவையான மரம், கல், அதோடு மீன். பத்திரம் எழுதியவர் எதையும் விட்டுவைக்கவில்லை.

காட்டுக்குள் முதல் படகு

1887-ல் வேலை தொடங்கியது. பொறுப்பு கர்னல் ஜான் பென்னிகுயிக். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கலவையால் 155 அடி உயரத்துக்கு அணை. மலைக்குள் ஒன்றேமுக்கால் கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம். சுரங்கத்தின் இந்த வாயில் விழுந்த தண்ணீர் வைகை நோக்கி ஓட வேண்டும், அதுதான் திட்டம். ஆற்றை மறித்துப் போட்ட தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு போனது. மலேரியாவும் காலராவும் கூலிக்காரர்களை வாரிக்கொண்டு போயின. அணைக்குப் பக்கத்தில் இங்கிலீஷ்காரர்களின் கல்லறைகள் இருக்கின்றன. அவற்றில் பெயர் வெட்டியிருக்கிறது. கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் போய்ச் செத்த கூலிக்காரர்களுக்கு அப்படி ஒரு கல் இல்லை.

தேக்கடி ஏரியில் உல்லாசப் படகு விடுவதற்கு ரொம்ப முன்னாலேயே அங்கே படகு ஓடியிருக்கிறது. அணை வேலைக்குச் சுண்ணாம்பும் சாமானும் சமவெளியிலிருந்து மலையேறித் தேக்கடிக்கு வந்து, அங்கிருந்து நீர்வழியில் அணை கட்டும் இடத்துக்குப் போயிருக்கின்றன. திட்டத்தில் வேலை பார்த்த மெக்கென்சி என்ற பொறியாளர் 1899-ல் இதன் வரலாற்றைத் தனிப் புத்தகமாகவே எழுதி வைத்துவிட்டார். ஆக, நாங்கள் துடுப்புப் போடப் போகும் நீர்வழி ஒரு காலத்தில் சிமெண்ட் லாரி ஓடும் ரோடு மாதிரி!

1895 அக்டோபரில் மெட்ராஸ் கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். எங்கள் தாத்தா வயலில் இரண்டு போகம் நெல் விளைந்தது அந்தத் தண்ணீரால்தான். எங்கள் பக்கத்து வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரர் படம் இருக்கும். பையன்களுக்குப் பென்னிகுயிக் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அவர் பிறந்த ஜனவரி 15-ல் பொங்கல் வைக்கிறோம். 2013-ல் அதே தேதியில் லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். 2022 செப்டம்பரில் இங்கிலாந்தில் கேம்பர்லி என்ற ஊரில் சிலையும் வைத்தாகிவிட்டது.

முங்கிய காடு, முளைத்த சரணாலயம்

அணை நிரம்பியபோது காட்டை வெட்டி முடிக்கவில்லை. பெரிய பெரிய மரங்கள் நின்ற இடத்திலேயே முங்கின. நூற்றி முப்பது வருஷம் ஆகிறது. தண்ணீர் இறங்கும்போது அந்த மொட்டை மரங்கள் இன்றும் தலை காட்டுகின்றன. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் அவற்றின்மேல் உட்கார்ந்து சிறகு காய வைக்கும். தேக்கடி என்றதும் காலண்டரில் வருகிற படம் அதுதான். அழகாக இருக்கிறது, ஆனால் அது ஒரு காட்டின் எலும்புக்கூடு. படகோட்டிகளுக்கோ கண்ணுக்குத் தெரியாத கட்டைதான் பெரிய பயம்.

வேடிக்கை என்னவென்றால், நெல் விளைவிக்கக் கட்டிய அணைதான் அங்கே காட்டுக்கும் காவல் ஆனது. ஏரியில் மண் சரிந்து தூர்ந்துவிடக் கூடாதே என்று சுற்றியிருந்த காட்டை 1899-ல் காப்புக்காடு ஆக்கினார்கள். 1934-ல் திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் அங்கே நெல்லிக்காம்பட்டி வேட்டை விலங்குச் சரணாலயத்தை ஏற்படுத்தினார். ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் எடப்பாளையத்தில் அவருக்கு ஒரு அரண்மனை. 1950-ல் அது பெரியாறு சரணாலயமாக விரிந்தது. 1978-ல் புலிகள் காப்பகம். சுற்றிலும் ஏலமும் தேயிலையும் மலையை மொட்டை அடித்த காலத்தில், இந்த ஏரியைச் சுற்றி மட்டும் காடு தப்பியது.

அல்கான்குயினும் இப்படித்தான். 1893-ல், பென்னிகுயிக் இங்கே அணை கட்டிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், ஒண்டாரியோ அரசு அதைப் பார்க்காக அறிவித்தது. அங்கேயும் மரம் மிதக்கவிட ஆற்றையும் ஏரியையும் அணை போட்டுத் தேக்கியிருக்கிறார்கள். ஆதி மக்களின் வாகனம் கனூ, அவர்கள் நடந்த தடம்தான் நாம் கனூவைத் தூக்கி நடக்கிற பாதை. 'மனிதன் கால் படாத காடு' என்று விளம்பரத்தில் போடுவார்கள். எந்தக் காட்டையும் கொஞ்சம் கீறிப் பார்த்தால் யாரோ வாழ்ந்த தடம் தெரிகிறது.

தெப்பத்துக்குச் சொந்தக்காரர்கள்

தேக்கடியில் அந்தத் தடம் மன்னான்களுடையதும் பளியர்களுடையதும். மன்னான்கள் மதுரைப் பக்கமிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. பேச்சும் நம் தமிழுக்குப் பக்கத்தில் இருக்கும். கட்டப்பனைக்கு அருகே கோவில்மலையில் அவர்களுக்கு இன்றும் ஒரு ராஜா உண்டு. ஏரியைச் சுற்றிக் காட்டுக்குள் இருந்த இந்த இரண்டு சமூகங்களையும் 1940-களில் குமுளியை ஒட்டிக் குடியேற்றினார்கள். மன்னாக்குடி, பளியக்குடி என்று இன்றும் பெயர். ஏரி வந்ததில் அவர்கள் காட்டு வாழ்க்கை சுருங்கியது. சரணாலயம் வந்ததில் இன்னும் சுருங்கியது. மிஞ்சிய பிழைப்புகளில் ஒன்று மீன். மூங்கில் தெப்பத்தைக் கட்டிச் சாயங்காலம் வலை விட்டு, விடியற்காலையில் போய் எடுப்பார்கள்.

இங்கேதான் நம் பத்திரம் திரும்ப வருகிறது. 1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. பழைய மலபார் மாவட்டத்துப் பாலக்காடும் மெட்ராஸிலிருந்து கேரளத்துக்குப் போனது. பழைய பத்திரங்களை இரண்டு மாநிலமும் புதிதாகப் பேச வேண்டிய நிலைமை. 1970 மே 29-ல் துணை ஒப்பந்தம் போட்டார்கள். ஏக்கருக்கு 5 ரூபாய் என்பது 30 ரூபாய் ஆனது, அதாவது வருஷத்துக்கு 2,40,000 ரூபாய். மின்சாரம் எடுக்கும் உரிமை தமிழ்நாட்டுக்கு உறுதியானது. அதே ஒப்பந்தத்தில் மீன்பிடி உரிமையைத் தமிழ்நாடு கேரளத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டது.

தண்ணீர் நமக்கு, மீன் அவர்களுக்கு! தேக்கடி ஏரியின் சட்டத்தை இரண்டே சொல்லில் சொல்ல வேண்டுமென்றால் இதுதான். இன்று அந்த மீனைப் பிடிப்பவர்கள் மன்னாக்குடிக்காரர்கள். சுற்றுலா வருகிற நமக்கு அங்கே தூண்டில் போட அனுமதி கிடையாது.

"ஒரே ஒரு தூண்டில் போட்டால் என்ன ஆகிவிடும்?" என்று என் மகள் கேட்டாள். நியாயமான கேள்விதான். பெரியாற்றின் மேல்பகுதியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத மீன்கள் அங்கே உண்டு. லெபிடோபைகாப்சிஸ் டைபஸ் என்று வாய்க்குள் நுழையாத பெயருடைய ஒன்றை 1941-ல்தான் விஞ்ஞானிகள் பெயரிட்டு வெளியிட்டார்கள். ஓடும் ஆற்றுக்குப் பழகிய மீன்கள் அவை. ஆறு தேங்கி ஏரியானதில் அவற்றின் வீடு சுருங்கிவிட்டது. பிறகு வந்து சேர்ந்த ஜிலேபிக் கெண்டையும் வெளிநாட்டுக் கெண்டையும் இரைக்கும் இடத்துக்கும் போட்டி போடுகின்றன. இன்று வலையில் விழுவதில் பெரும்பாலும் இந்த வந்தேறி மீன்கள்தான். கேட்டுவிட்டு அவள், "அப்ப நம்மளும் ஜிலேபிக் கெண்டையாப்பா?" என்றாள். கனடாவில் குடியேறிய அப்பனிடம் கேட்கிற கேள்வியா இது :-)

தூண்டில்தான் முக்கியம் என்றால் மூணாறு பக்கம் டிரௌட் மீன் கதை உண்டு. தோட்டத்துத் துரைமார்கள் தங்கள் ஊர் நினைப்பில் டிரௌட்டை மலை ஓடைகளில் கொண்டுவந்து விட்டார்கள். எரவிகுளம் புல்வெளியில் மீன்பிடிக்கக் குடிலும் கட்டிக்கொண்டார்கள். ஊரை விட்டு வந்தவன் ஊரைக் கொஞ்சம் கூடவே கொண்டுவருவான். நாம் பால்கனியில் கறிவேப்பிலை வளர்ப்பது மாதிரி. அந்த எரவிகுளம் 1978 முதல் தேசியப் பூங்கா.

மரப்பட்டை திருடியவர்கள் வழிகாட்டியான கதை

சரி, துடுப்புக்கு வருவோம். தேக்கடியில் இன்று மூங்கில் தெப்பத்தில் ஒரு நாள் முழுக்கக் காட்டுக்குள் போகிற வழி இருக்கிறது. காலையில் நடை, பிறகு தெப்பம், சாயங்காலம் திரும்புவது. கூட வருகிற வழிகாட்டிகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். துப்பாக்கியோடு ஒரு காவலரும் உண்டு. இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பது எனக்குத் தொழில்முறையில் பிடித்த கதை.

1990-களில் அந்தக் காட்டில் வயணை மரப்பட்டையை உரித்துக் கடத்தும் கூட்டம் இருந்தது. பட்டைக்கு மசாலாச் சந்தையில் விலை. அவர்கள்மேல் வழக்குக்குமேல் வழக்கு. 1996-ல் உலக வங்கிக் கடனோடு இந்தியச் சூழல் மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று வந்தது. அதற்குத் தேர்ந்தெடுத்த ஏழு காடுகளில் பெரியாறும் ஒன்று. வனத்துறை அந்தப் பட்டைக்காரர்களில் ஒரு குழுவிடம் பேசியது: கடத்தலை விட்டுவிட்டுக் காட்டைக் காக்க வாருங்கள், சுற்றுலாக்காரர்களைக் கூட்டிப்போகும் வருமானம் உங்களுக்கு. அவர்கள் வந்தார்கள்! புலித்தடம் என்ற மலையேற்றத்தை நடத்தியவர்கள் இந்தப் பழைய பட்டைக்காரர்கள்தான். யானை எந்த வழியில் இறங்கும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? திட்டம் 2004-ல் முடிந்தது. கடன் கொடுத்த திட்டம் முடிந்த பிறகும் வேலை நிற்காமல் நடந்தால், பேங்க்காரன் அதை நல்ல கடன் என்பான்.

எங்கள் ஷீட்டில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி போட்டிருக்கிறேன்: லைஃப் ஜாக்கெட். 2009 செப்டம்பர் 30 மாலை இதே ஏரியில் ஜலகன்னிகா என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள், குழந்தைகளும் உண்டு. அதற்குப் பிறகு அங்கே லைஃப் ஜாக்கெட் இல்லாமல் படகில் ஏற்றுவதில்லை. அல்கான்குயினில் நம் பிள்ளைகள் தாங்களாகவே மாட்டிக்கொள்வார்கள். ஊருக்குப் போனதும் "ஒரு போட்டோவுக்குக் கழற்றிக்கிறேனே" என்று பெரியவர்கள்தான் ஆரம்பிப்போம்.

ஒரே ஏரி, இரண்டு தூக்கம்

இந்தப் பகுதியை எழுதலாமா என்று சேட்டனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

1979 ஆகஸ்டில் குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்பி நகரம் மூழ்கியது. நம் ஏரியில் நீர்மட்டம் அந்த வருஷமே 136 அடிக்கு இறங்கியது. தமிழ்நாடு அணையைப் பலப்படுத்தும் வேலைகளைச் செய்தது. 2006 பிப்ரவரி 27-ல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி கொடுத்தது. கேரளம் அதைத் தடுக்கச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2011 கடைசியில் குமுளி எல்லையே அடைத்துக் கிடந்தது. தோட்ட வேலைக்குத் தினமும் மலையேறுகிற எங்கள் பக்கத்து ஜனங்கள் அடிபட்டு ஓடி வந்தார்கள். எங்கள் பக்கத்தில் மலையாளிகளின் கடைகளும் தப்பவில்லை. 2014 மே 7-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு கேரளத்துச் சட்டம் செல்லாது என்றது. அந்த நவம்பரில் முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு தண்ணீர் 142 அடியைத் தொட்டது. கம்பத்தில் பட்டாசு வெடித்தார்கள். எங்கள் அப்பா போனில் அழுதார், சந்தோஷத்தில்.

அதே ராத்திரி வண்டிப்பெரியாற்றில் சேட்டனுடைய அம்மா தூங்கவில்லை. அணைக்குக் கீழே ஆறு முதலில் தொடுகிற ஊர்களில் ஒன்று அவர்களுடையது. மழைக்காலத்தில் மட்டம் ஏற ஏற, அந்த அம்மா வீட்டுப் பத்திரத்தையும் ரேஷன் கார்டையும் ஒரு பையில் போட்டுக் கதவுப் பக்கம் வைத்துவிடுவாராம். ஜூன் பிறந்து தண்ணீர் திறந்தாச்சா என்று விசாரித்துக்கொண்டே இருப்பார் எங்கள் அப்பா. இரண்டு பேரும் பார்ப்பது ஒரே அளவுகோலைத்தான். ஒருவருக்கு எண் ஏறினால் தூக்கம் வரும், இன்னொருவருக்கு இறங்கினால்.

அணை பலமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் பொறியாளன் இல்லை. தண்ணீர் இல்லாவிட்டால் எங்கள் ஊர் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பயத்தோடு படுப்பது என்னவென்று சேட்டனுக்குத் தெரியும். டொராண்டோவில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு பத்து வருஷம் நாங்கள் இந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. டிரிப்புக்கு ஏரி தேடப் போய்த்தான் எடுத்தோம்.

பாலக்காட்டுப் பக்கத்து ஏரி

பொள்ளாச்சி நண்பர் விடுவாரா? "எங்க ஏரியை மட்டும் ரெண்டு வரில முடிச்சிராதீங்க" என்றார். இதோ.

பரம்பிக்குளம் இருப்பது கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில். ஆனால் ரோட்டில் போவதென்றால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் இருந்துதான் போக வேண்டும். அணை கேரள மண்ணில், இயக்குவது தமிழ்நாடு. தண்ணீர் வருவது பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து வயலுக்கும் தென்னைக்கும். 1958-ல் மெட்ராஸில் காமராஜரும் கேரளத்தில் ஈ.எம்.எஸ்ஸும் முதல்வர்களாக இருந்தபோது பேசி முடித்த பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் இது. 1961-ல் நேரு தொடங்கி வைத்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்தானது 1970 மே 29. ஆமாம், பெரியாற்றுத் துணை ஒப்பந்தம் கையெழுத்தான அதே நாள்! 1958 நவம்பர் 9 முதல் செல்லும் என்று முன்தேதியிட்டார்கள்.

இரண்டு பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். 1886 பத்திரத்தில் ஒரு பக்கம் சாம்ராஜ்யம். 1970-ல் இரண்டு பக்கமும் ஓட்டு வாங்கி வந்தவர்கள். ஆகவே இதில் கேரளத்தின் பங்கும் எண்ணாக எழுதியிருக்கிறது: மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி, சோலையாறில் 12.3 டி.எம்.சி. சண்டை இல்லாமல் இல்லை, உண்டு. ஆனால் சண்டை போட ஒரு எண் இருக்கிறது. 2022 செப்டம்பரில் ஒரு ராத்திரி பரம்பிக்குளம் அணையின் மதகு ஒன்று உடைந்து தண்ணீர் சாலக்குடி ஆற்றில் பாய்ந்தது. கேரளத்துக் கரையோரத்தில் எச்சரிக்கை விடுத்தார்கள். மதகைச் சரி செய்தார்கள். கலவரம் எதுவும் வரவில்லை.

அந்தக் காட்டிலும் கீறிப் பார்த்தால் பழைய தடம். 1907 முதல் கொச்சி சமஸ்தானத்தின் டிராம் ரயில் இங்கிருந்து சாலக்குடிக்குத் தேக்கு மரம் இறக்கியது. தப்பிய கன்னிமாரா தேக்கு இன்றும் நிற்கிறது, ஐந்தாறு பேர் கைகோர்த்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். காடர்களும் மலசர்களும் அங்கே வாழ்கிறார்கள். மூங்கில் தெப்பம் ஓட்டுகிறவர்களும் வழிகாட்டுகிறவர்களும் அவர்கள்தான். ஏரி நடுவே வீட்டிக்குன்னு என்ற தீவில் வனத்துறை ஒரு தங்குமிடம் வைத்திருக்கிறது. சிக்னல் கிடையாது என்று பொள்ளாச்சிக்காரர் சத்தியம் செய்கிறார்.

கடைசியாகப் போட்ட திட்டம்

தூண்டில் பெட்டிகள் டொராண்டோவிலேயே இருக்கும். ஜூலைக்கு அல்கான்குயின் இருக்கிறது, லைசென்ஸும் இருக்கிறது. இங்கே மீன் வேண்டுமென்றால் குமுளியில் காசு கொடுத்து வாங்குவோம். கனூ என்ற சொல்லையும் விட்டாகிவிட்டது. மூங்கில் தெப்பம்தான். கட்டுமரம் என்ற சொல்லை உலகத்துக்கே கொடுத்த மொழிக்காரர்கள் நாம், மரத்தைச் சேர்த்துக் கட்டி மிதப்பதற்குக் கூச்சப்படுவானேன்!

முதலில் பரம்பிக்குளம். இரண்டு நாள் கழித்து மலையைச் சுற்றிக்கொண்டு தேக்கடி. அங்கே தெப்பத்தில் ஒரு நாள். பிறகு இரண்டு இடம் சேர்த்திருக்கிறேன், ஷீட்டில் அவை ஆரம்பத்தில் இல்லை. ஒன்று வண்டிப்பெரியாறு: சேட்டன் அம்மா கையால் கப்பையும் மீன் குழம்பும். எங்கள் பிள்ளைகள் அந்த ஆற்றங்கரையில் நின்று அணை இருக்கும் திசையைப் பார்க்க வேண்டும். மறுநாள் மலை இறங்கி லோயர் கேம்ப், அங்கிருந்து எங்கள் வயல். சேட்டனின் பிள்ளைகள் அந்தத் தண்ணீர் வாய்க்காலில் ஓடி வருவதைப் பார்க்க வேண்டும். அப்பாவிடம் போனில் சொன்னேன். "அந்த அம்மாவையும் கூட்டிட்டு வாடா, வயலைப் பார்க்கட்டும்" என்றார். சேட்டன் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். மழை இல்லாத நாளாக இருந்தால் வருகிறேன் என்று பதில் வந்திருக்கிறது.

கொசுறு: தெப்பத்துக்கும் தீவுக்கும் வனத்துறையிடம் முன்பதிவு அவசியம், எடுக்கும் ஆட்கள் எண்ணிக்கை ரொம்பக் குறைவு. டிசம்பர் லீவில் போகிறவர்கள் டிக்கெட் போடும்போதே இதையும் போட்டுவிடுங்கள். பளிச்சென்ற நிறத்தில் சட்டை வேண்டாம். அட்டைப் பூச்சிக்கு மூக்குப்பொடி நல்லது என்கிறார் அப்பா.